கரைக்கு முதுகு

அன்று விழிஞ்ஞம் கரையில் என் வள்ளத்தைச் சுற்றி நின்றவர்கள் இவ்வளவு பேர். நான். மீன் கூடையோடு என் மனைவி. வள்ளத்துக்குப் பலகை அடித்துத் தந்த ஆசாரி. பிறகு என் மனைவியின் பெரியப்பா மகன். அவரை நான் மச்சான் என்பேன். அவர் என்னை அளியா என்பார். கூப்பிடுகிறதில்தான் அந்த நெருக்கம். நம்பிக்கை இரண்டு பக்கமும் கிடையாது.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் குமரிக் கடற்கரையில் பிறந்தவன். கல்யாணம் முடித்து விழிஞ்ஞத்துக்கு வந்தேன். பன்னிரண்டு வருஷம் ஒரு முதலாளியின் வள்ளத்தில் பங்குக்குப் போனேன். அந்த வருஷம் மனைவியின் சங்கிலியை விற்று, பழைய பிளைவுட் வள்ளம் ஒன்றும் மண்ணெண்ணெய் என்ஜின் ஒன்றும் வாங்கினேன். விற்றவன் விலையைச் சட்டென்று குறைத்தான். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. அடிப்பலகை முழுவதும் கத்தி முனையால் குத்திப் பார்த்த பிறகே காசைக் கொடுத்தேன்.

வலை வாங்கக் கையில் ஒன்றும் மிச்சமில்லை. அதனால் தூண்டில் இழுப்பு என்று முடிவு செய்தேன். வள்ளம் ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னால் மூன்று தூண்டில் கயிறுகளை இழுத்துக்கொண்டு போவது. மினுங்குகிற பொய் இரையை மீன் என்று நினைத்து நெய்மீன், வஞ்சிரம் என்பார்களே, அது வந்து கவ்வும்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. இரண்டு ஞாயிறு கழியும் வரை உம்முடைய இடம் காலியாக இருக்கும், அதற்குப் பிறகு வேறு ஆள் என்றார். அந்த இரண்டு ஞாயிறுக்குள் வள்ளம் சோறு போடவில்லை என்றால், வள்ளத்தை விற்றுவிட்டு அவரிடமே திரும்ப வேண்டும். சங்கிலியும் போய், வள்ளமும் போய்.

சாமான்களைக் கிடைத்த இடத்தில் சேர்த்தேன். கழக்கூட்டத்தில் பெரிய கட்டிடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கே சென்ட்ரிங் வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரர் வழியாக, கழித்துப் போட்ட மூங்கில் இரண்டு கிடைத்தன. கயிறுகள் ஒன்றோடொன்று சிக்காமல் இருக்க, அந்த மூங்கில்களை வள்ளத்தின் இரண்டு பக்கமும் கை விரித்த மாதிரி நீட்டிக் கட்டினேன். மீன் வெட்டி இழுக்கும்போது தங்கூசி என்கிற அந்த நைலான் கயிறு அறுந்துவிடாமல் இருக்க, நடுவில் சைக்கிள் டியூபை வெட்டிச் சேர்த்தேன். மீனின் பல்லுக்குத் தப்ப, பைக்கின் கிளட்ச் கம்பியைப் பிரித்துத் தூண்டில் முள்ளுக்கு மேலே கட்டினேன். கடையில் பொய் இரை ஒன்றின் விலை என் ஒரு நாள் பங்கு. அதனால் வீட்டு ஸ்டீல் ஸ்பூன்களின் காம்பை அறுத்து, துளை போட்டு, முள் மாட்டினேன். மனைவி நாலு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தாள்.

“வீட்டுல திருடன் ஸ்பூனை மட்டும் எடுத்துட்டுப் போறானே, பெரிய பசிக்காரனா இருப்பானோ” என்றாள்.



இவ்வளவும் இருந்தும் ஒன்று இல்லை. நெய்மீன் எல்லா இடத்திலும் ஓடாது. கடலுக்கு அடியில் பார் இருக்கிற இடத்தில், அந்தப் பாறைகளுக்கு மேலேதான் சுற்றும். பார் இருக்கிற இடம் தண்ணீரில் தெரியாது. கரையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கோபுரம் ஒரு மலையின் எந்த மடிப்புக்கு நேரே வருகிறது, ஒரு தென்னை எந்தக் கட்டிடத்தை மறைக்கிறது என்று இரண்டு பக்கமாகப் பொருத்திப் பார்த்தால் இடம் வரும். தெரிந்தவன் யாருக்கும் சொல்ல மாட்டான். வந்தேறிக்குச் சொல்லவே மாட்டான்.

மச்சானுக்கு ஒரு பார் தெரியும். அவருடைய வள்ளம் போன மழைக்காலத்தில் திரையடித்து உடைந்துபோயிருந்தது. அவரிடம் பார், என்னிடம் வள்ளம். எண்ணெய்ச் செலவு போகப் பாதிப் பாதி என்று மனைவி இடையில் நின்று பேசி முடித்தாள்.

ஆனால் நான் வாங்குவதற்கு முன்னால் இதே வள்ளத்துக்கு மச்சான் விலை கேட்டிருந்தார். அது எனக்குத் தெரியும். இரண்டு வாரம் என்னை வெறும் தண்ணீரில் சுற்றவைத்தால், பாதி விலைக்கு அவர் கைக்குப் போகும். அந்தக் கணக்கு என் மனதை விட்டுப் போகவில்லை.

அன்று கரைக்கு வந்தவர் மூங்கிலைப் பார்க்கவில்லை. முள்ளைத் தொடவில்லை. நேராக, நான் உட்காரச் சாய்வு வைத்து அடித்திருந்த நடுப்பலகைக்குப் போனார்.

“இது எந்தப் பக்கம் பாத்து இருக்கு?”

பின்பக்கம் பார்த்து என்று ஆசாரி சொன்னார். கயிறு பார்க்கிறவன் கயிற்றைத்தானே பார்க்க வேண்டும்.

“வள்ளம் வெளிய ஓடும்போ பின்பக்கம் என்ன? கரை” என்றார் மச்சான். “அளியா, நீரு கயித்தப் பாத்தா கரையையும் பாப்பீரு. திருப்பி அடிக்கச் சொல்லும்.”

முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் மீன் கடித்தது எப்படித் தெரியும் என்று கேட்டேன். கயிற்றில் சலங்கை கட்டும் என்றார். முன்பு ஒருவனைக் கூட்டிப்போனாராம். அடுத்த மாசம் அவனுடைய வள்ளம் பாருக்கு மேலே தனியாக நின்றதாம்.

ஆசாரி என் முகத்தைப் பார்த்தார். திருப்பி அடிக்கச் சொன்னேன். இரண்டாவது கூலியும் கொடுத்தேன். சாலைக் கடைத்தெருவுக்குப் போய் மாட்டுச் சலங்கை மூன்று வாங்கிவந்தேன்.

திங்கள் முதல் வெள்ளி வரை போனோம். மச்சான் பின்னால் என்ஜின் பிடித்தார். நான் நடுவில், அவருக்கும் கரைக்கும் முதுகைக் காட்டி, வெறும் கடலைப் பார்த்துக்கொண்டு. பார் வந்துவிட்டது என்று அவர் சொன்னால் வந்துவிட்டது. தண்ணீரின் நிறம் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. என்ஜின் சத்தத்தில் சலங்கை கேட்கவும் இல்லை. கயிற்றை ஏற்றிப் பார்த்தால் ஒரு முறை ஸ்பூனே காணோம், கம்பி மட்டும். மீன் வந்து கடித்துப் போயிருக்கிறது, அல்லது அடியில் எதிலோ மாட்டி அறுந்திருக்கிறது. எது என்று எனக்குத் தெரியாது. மச்சான் மீன் என்றார். நான் நம்பவில்லை. ஐந்து நாளில் சூரை மீன் ஏழு, அதுவும் சின்னது. எண்ணெய்ச் செலவுக்குக்கூடக் காணவில்லை.

சனிக்கிழமை நான் சலங்கையை அவிழ்த்துவிட்டேன். மூங்கிலில் கட்டிய கயிறு இரண்டிலும் மெல்லிய நூல் கட்டி, இரண்டு கால் பெருவிரலிலும் சுற்றிக்கொண்டேன். மச்சான் பார்த்துச் சிரித்தார்.

வெயில் ஏறிய நேரம். வலது கால் பின்னால் போயிற்று. நூல் தோலை அறுத்தது. திரும்பிக் கயிற்றைப் பிடித்தேன். கனம் கையில் தெரிந்தது. நெய்மீன்தான், ஒரே ஓட்டமாக ஓடியது.

அப்போது தலையைத் தூக்கினேன். பொய் சொல்ல என்ன இருக்கிறது? மீனுக்காகத் தூக்கவில்லை. கரைக்காகத்தான் தூக்கினேன். ஒரு கோபுரம் தெரிந்தது. அதற்குப் பின்னால் எது என்று பார்ப்பதற்குள் மச்சான் என்ஜினை ஒடித்துத் திருப்பிவிட்டார். கரை நகர்ந்துபோயிற்று. மூன்று கயிறும் வள்ளத்துக்கு அடியில் போய் என்ஜினின் காத்தாடியில் சுற்றின. என்ஜின் நின்றது. மீன் ஒரு தரம் தண்ணீருக்கு மேலே வந்து, அறுத்துக்கொண்டு போயிற்று.

“தலையத் தூக்கினீரு” என்றார்.

“மீனை விட்டீரு” என்றேன்.

கத்தியால் கயிறுகளை அறுத்து எடுக்கவே நேரம் சரியாக இருந்தது. ஆனால் ஒன்று எனக்கு நிச்சயமாயிற்று. வெறும் தண்ணீராக இருந்தால் அவர் அப்படித் திருப்பியிருக்க மாட்டார். பார் அங்கேதான் இருக்கிறது.

ஞாயிறு யாரும் கடலுக்குப் போவதில்லை. முதலாளி சொன்ன இரண்டில் ஒன்று கழிந்தது. பூசை முடிந்து வந்த மச்சானை மனைவி வீட்டுக்கு அழைத்து உட்காரவைத்தாள். நானும் இருந்தேன். அவள் கஞ்சி ஊற்றினாள்.

“அண்ணனுக்கு இவரு கரையப் பாக்கப்பிடாது. அம்புட்டுத்தானே?” என்றாள். “அப்போ இடம் மாறுங்க. பலகைய மறுபடி பின்னால திருப்பி, அண்ணன் அதுல இருந்து கயித்தையும் பாக்கட்டும், கரையையும் பாக்கட்டும். இவரு என்ஜினப் பிடிச்சிட்டு முன்னால கடலப் பாக்கட்டும். இவரு தலையத் திருப்பினா அண்ணனுக்கு நேரா தெரியுமே.”

மச்சான் கஞ்சியைக் குடித்து முடித்தார். “என்ஜின் இவருக்க கையில இருந்தா, எவ்வளவு நேரம் ஓடினோம்னு எண்ணுவாரு” என்றார்.

“எண்ணட்டும். இவரு எண்ணினதுல எது சரியா வந்திருக்கு?” என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கயிறு அவர் கைக்குப் போனால் மீனும் முதலில் அவர் கைக்குத்தான் போகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் சரி என்றேன். வேறு வழி இருக்கவில்லை. ஆசாரி மூன்றாவது முறை வந்தபோது கூலி கேட்கவில்லை. இந்தப் பலகைக்கு ஆணி அடிக்க இனி இடமே இல்லை, கயிறு போட்டுக் கட்டிவிடுகிறேன் என்றார்.

அந்த வாரம் நாங்கள் முகத்துக்கு முகம் உட்கார்ந்து ஓடினோம். அவர் கண் என் தோளுக்கு மேலே கரையில், பிறகு கயிற்றில், பிறகு என் கண்ணில். நான் என் வாழ்நாளில் ஒரு ஆளை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. வலத்த, இடத்த, இப்படியே என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. பாரைத் தாண்டியதும் கயிறுகளை ஏற்றிவிட்டு, அவர் என்ஜினுக்கு மாறுவார். திரும்ப ஓடி வரும்போது நான் குனிந்து வள்ளத்துத் தண்ணீரைக் கோரி வெளியே ஊற்ற வேண்டும். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பிறகு மறுபடி வெளியே ஓடுவோம். என்ஜினை மெதுவாக ஓட்டினால் பிளக்கில் கரி பிடித்தது. சுரண்ட ஒரு பழைய பிளேடு வைத்துக்கொண்டேன்.

திங்களும் செவ்வாயும் இல்லை. புதன் நெய்மீன் ஒன்று. வியாழன் மூன்று. வெள்ளி காற்று, போகவில்லை.

சனிக்கிழமை முதல் ஓட்டத்திலேயே இடது மூங்கில் வளைந்தது. மச்சான் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். அவர் தலை குனிந்திருந்தது. நான் திரும்பிப் பார்த்திருக்கலாம். என்ஜினைக் குறைத்து, நேரே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம்தான். திரும்பினால் மறுபடி மீன் போகும் என்கிற பயம். அதற்குள் வலது மூங்கிலும் வளைந்தது. தங்கூசி அவர் உள்ளங்கையை அறுத்தது. துணி சுற்றிக்கொண்டு இழுத்தார். மதியம் வரை ஓடினோம். இன்றுவரை அந்தப் பாருக்கு எனக்குத் தனியாகப் போகத் தெரியாது.

கரை ஏறினபோது முதலாளி அனுப்பிய ஆள் நின்றான். திங்கட்கிழமை வருகிறேனா என்று கேட்டான். வேறு ஆள் பார்க்கச் சொல் என்றேன்.

மனைவி கூடையை வைத்துவிட்டு, ஏலக்காரர் வருவதற்கு முன்னால் எண்ணி வைக்கச் சொன்னாள். மச்சான் தலைப்பக்கத்திலிருந்து எண்ணினார். அவர் முடிக்கும் வரை காத்திருந்து, நான் வால்பக்கத்திலிருந்து எண்ணினேன். எவ்வளவு என்று அவள் இருவரையும் கேட்டாள். ஒரே நேரத்தில் சொன்னோம்.

பதினான்கு.