ஒரகடத்தில் திறந்த பாட்டில்

ஆய்வகத்துக்குப் போக ஒரகடம் கூட்டு ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிறேன். காலையில் அடையாற்று முகத்துவாரத்தில் எடுத்த தண்ணீர், ஐஸ் பெட்டிக்குள் மூன்று பாட்டிலில் இருக்கிறது. பருவத்துக்குப் பருவம் அதில் பாக்டீரியாக்கள் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பது என் வேலை.

கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண் பெட்டியைப் பார்க்கிறாள். "இன்னா மீனு இது, அக்கா?"

"மீன் இல்லம்மா, முகத்துவாரத்துத் தண்ணி."

அவள் கிட்டே வருகிறாள். அந்தக் கரையில்தான் அவள் வீடு இருந்ததாம். இடித்துவிட்டு இங்கே குடியிருப்பில் இடம் கொடுத்திருக்கிறார்கள். "ஒரு வாட்டி மோந்து பாத்துக்கட்டாக்கா?"

வழியில் திறந்த பாட்டில் ஆய்வுக்கு ஆகாது. ஆனாலும் ஒன்றைத் திறந்து கொடுக்கிறேன்.

அழுகிய முட்டை வாடை. அவள் கண்ணை மூடி மூச்சை இழுக்கிறாள். "ஆத்து வாய மணலு அடைச்சிக்கினு கீது. கடலு இன்னும் உள்ள வர்ல."

அந்த வாடையைக் கிளப்பும் பாக்டீரியாவைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பத்து நாளாகும்.

"மழைல தொறந்துக்கும். அப்ப வேற வாசன," என்கிறாள். பஸ் வந்துவிடுகிறது. மூடியைத் தானே இறுக்கித் திருகித் தருகிறாள். "அப்பவும் இந்தப் பக்கமா வாங்கக்கா."

நோட்டில் எழுதிக்கொள்கிறேன்: மழைக்காலத்துக்கு நான்கு பாட்டில்.