எந்த அணியிலும் இல்லாதவர்

சேர்வராயன் மலை எஸ்டேட் அணிகளின் கால்பந்து லீக்கில், நடுவர் அன்று ஆடாத மூன்றாவது அணியிலிருந்துதான் வரவேண்டும். நாகலூர் அணி கலைந்ததும், அதன் கோல்கீப்பர், எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் மரியதாஸ், எந்த அணிக்கும் சேராதவர் என்பதால் எல்லா ஆட்டங்களுக்கும் நடுவரானார். ஆட்டம் முடிந்தால் அந்தந்த அணி தன் பந்தியில் சாப்பிடும். ஒன்றில் உட்கார்ந்தால் அடுத்த அணியினர் சந்தேகப்படுவார்கள் என்று அவர் தனியே பஸ் ஏறிவிடுவார்.

1984இல் கரடியூர் எஸ்டேட்டின் புது அணிக்கு ஆள் சேர்த்த அங்கப்பன் அவரை அழைத்தார்.

"ஏனுங்க ரைட்டரே, எங்க கோல்ல நிக்கறீங்களா?"

மரியதாஸுக்கு நொடியில் முகம் மலர்ந்தது. லீக் செயலாளர் லாசர் குறுக்கிட்டார்.

"அப்புறம் விசிலு யாருங்க ஊதறது? வேற டீம் ஆளு ஊதுனா அடிச்சுக்கிட்டுச் சாவாங்க."

மரியதாஸ் மறுத்துவிட்டார். அதை நேர்மை என்பதைவிட வழியின்மை என்பதே பொருத்தம்.

அந்த ஞாயிறு கரடியூருக்கு எதிராகவே அவர் பெனால்டி கொடுத்தார். தோற்ற அங்கப்பன் சிரித்தார்.

"நல்லவேளைங்க, நீங்க எங்காளு இல்ல! எங்காளா இருந்து இப்பிடி ஊதியிருந்தா சும்மா விட்டிருப்போமா?"

மரியதாஸும் சிரித்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.