மூன்று வைஸும் ஒரு விரிசலும்

எங்கள் வீட்டுக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனது எண்பதுகளின் தொடக்கத்தில். இனிமேல் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று சேலத்து டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னைய எதுக்குங்க பாக்கறீங்க? என்னையத் தூக்கச் சொல்லி நான் எப்பக் கேட்டேன்?" என்றேன். டாக்டர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

நாமக்கல்லில் சேலம் ரோட்டோரம் இவருக்கு லாரிப் பாடி கட்டும் பட்டறை இருந்தது. தூக்கக் கூடாது என்றால் பட்டறை எதற்கு? பட்டறைக் கொட்டகையான செட்டை ஒரு டயர் கடைக்காரருக்கு வாடகைக்கு விடுவதென்று முடிவாயிற்று. வெல்டிங் செட், துளை போடும் மெஷின், மரப்பலகை எல்லாம் மளமளவென்று போய்விட்டன. வைஸ்கள் மட்டும் போகவில்லை. இவர் விடவில்லை என்பதுதான் சரி.

வைஸ் என்பது பெஞ்சின் ஓரத்தில் போல்ட் போட்டு முடுக்கி வைத்த இரும்பு வாய். திருகைச் சுற்றினால் வாய் மூடும். உள்ளே அகப்பட்டது அசையாது. என் மாமியார் ஒரு சொல்லைப் பிடித்தால் எப்படியோ, அப்படி. சின்ன வைஸ்களை அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். பெரியவை மூன்று மிஞ்சின. சேலத்துப் பக்கம் மூடிப்போன ஒரு மில்லின் பழைய சாமான் ஏலத்தில் ஒரே நாளில் எடுத்த, ஒரே அச்சில் வார்த்த மூன்று. இரண்டை விற்பது, ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவருவது என்பது இவர் போட்ட கணக்கு. எந்த ஒன்றை என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

காரணம், மூன்றில் ஒன்றுக்கு நகரும் தாடையின் அடியில் விரிசல். எப்போதோ விட்டது. கேஸ் வெல்டிங் வைத்து, அரத்தால் ராவி, சின்ன வேலைக்கு மட்டும் வைத்திருந்தார். கனத்த இரும்பை அதில் மாட்டிச் சம்மட்டியால் அடித்தால் தாடை தெறித்து அடிப்பவன் காலில் விழும். அதை எவனுக்கும் விற்கக் கூடாது, நல்ல இரண்டையும் விற்றுவிட்டு விரிசல் விட்டதை நாமே வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோதே சொன்னார். அதோடு விட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

ஆனால் இவர் லாரிக்காரர். எங்கள் பக்கத்து லாரிக்காரர்களுக்குப் பெயிண்ட் மேல் இருக்கிற நம்பிக்கை சாமி மேல்கூடக் கிடையாது. ஓடத் தகுதி என்று எஃப்.சி. சர்டிபிகேட் எடுக்கப் போகிற வண்டி உள்ளே எப்படி இருந்தாலும், பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, கோடு போட்டு, மாப்பிள்ளை மாதிரி நிறுத்துவார்கள். விற்கப் போகிற வைஸ் மட்டும் என்ன பாவம் செய்தது? பக்கத்து செட்டுப் பெயிண்டரைக் கூப்பிட்டு, "கடைசி லாரிக்கு அடிச்ச பச்சை மிச்சமிருக்குது, மூணுக்கும் ஒரு கோட் அடிச்சு உடு" என்று சொல்லிவிட்டு இவர் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார்.

பெயிண்டர் நல்ல வேலைக்காரன். மூன்றையும் பெஞ்சிலிருந்து கழற்றினான். கைப்பிடிகளை உருவி ஒரே டப்பாவில் முக்கினான். தாடைகளில் பல் தேய்ந்த பட்டைகளுக்குப் பதிலாக இவர் வாங்கி வைத்திருந்த புதுப் பட்டைகளை மூன்றுக்கும் மாட்டினான். குழி, மேடு, தழும்பு எல்லாவற்றிலும் பட்டியை அப்பித் தேய்த்தான். மேலே பச்சை. அதோடு விட்டானா? இரண்டில் தாமரை வரைந்தான். மூன்றாவதில் இடம் மிஞ்சியது போல, ஒரு கிளியை உட்கார வைத்தான்.

மறுநாள் இவர் போய்ப் பார்த்தார். மூன்று பச்சைப் பிள்ளைகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எது எது என்று பெற்றவருக்கே தெரியவில்லை.

"இதுல எதுடா விரிசல் உட்டது?"

"எனக்கென்னங்க தெரியும்? நான் பெயிண்டருங்க," என்றான் அவன்.

இதற்கெல்லாம் கலங்குகிற ஆள் இல்லை இவர். தட்டிப் பார்த்து விரிசல் சொல்வதில் அந்தப் பட்டறை வரிசைக்கே இவர்தான். லாரியின் ஸ்பிரிங் பட்டை மெல்லிசாக விரிசல் விட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதைக் கழற்றிக் கொண்டுவந்து இவர் முன்னால் தொங்கவிடுவார்கள். இவர் சின்னச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டுவார். தலையைச் சாய்ப்பார். "போடலாம்" அல்லது "தூக்கிப் போடு". அவ்வளவுதான். காசு வாங்க மாட்டார். டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பார். பட்டறை போனாலும் அந்த மரியாதை இருக்கும், பட்டையைத் தூக்கிக்கொண்டு வீடு தேடி வருவார்கள் என்று நினைத்துத்தான் இவர் மனசு ஓரளவு ஆறியிருந்தது. அது எனக்கும் தெரியும்.

அன்று தட்டிவிட்டு வந்து, "நடுவால இருக்கறதுதான்," என்றார். சோறு போட்டேன். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டு மறுபடி செட்டுக்குப் போனார். வந்து, "கிளி போட்டது," என்றார். சாயங்காலம் மறுபடி போனார். "நடுவாலதுன்னு சொன்னதே செரி," என்றார். வைஸைத் தட்டப் போகிறாரா, ஜோசியம் கேட்கப் போகிறாரா என்று எனக்குச் சந்தேகம். வீட்டிலும் கால் தரிக்கவில்லை. வாசலுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடந்தார். எருமை இவரைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்துப் படுத்துக்கொண்டது.

"சுரண்டிப் பாத்துட்டாப் போச்சுங்க. அருவாமனையக் கொண்டாரட்டுமா?" என்றேன்.

"சுரண்டுன பொருளை எவன் வாங்குவான்? தட்டுனா எனக்குத் தெரியாதா?"

அடுத்த நாள் நானும் கூடப் போனேன். வேடிக்கை பார்க்கத்தான். இவர் சுத்தியை எடுத்து முதல் வைஸைத் தட்டினார். கணீர். தலையைச் சாய்த்தார். நடுவில் இருந்ததைத் தட்டினார். அதுவும் கணீர். கிளி போட்டதைத் தட்டினார். டப். ஓட்டைப் பானையைச் சந்தையில் தட்டினால் எப்படிச் சொல்லும், அப்படி. ரோட்டில் போகிறவனுக்குக்கூடக் கேட்டிருக்கும். நான் சிரித்தபடி இவர் முகத்தைப் பார்த்தேன். அதே சாய்ப்பு, அதே யோசனை. மறுபடி முதல் வைஸுக்குப் போனார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, சொன்னதைச் செய்யாமல் இருப்பது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் "ம்" போடுவது எல்லாம் புருஷன்மாருக்கு உள்ள குணம்தான் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் எந்த வீட்டில் இல்லை? லாரிப் பாடிக்குள்ளே உட்கார்ந்து காலையிலிருந்து பொழுது சாய ரிவிட் அடித்த அடியில் காது போயிருக்கும் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

"ஏனுங்க," என்றேன் மெதுவாக. திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் மெதுவாக, "உங்களுக்குப் பொண்ணு குடுத்த எங்கய்யனைச் சொல்லோணும்," என்றேன். அதற்கும் திரும்பவில்லை. நல்ல காது இருந்தால் அதற்குச் சுத்தி பறந்து வந்திருக்கும்.

போய்க் கிளியின் தலைமேல் கையை வைத்தேன். "இதுதானுங்க. டப்புங்குது."

என் வாயைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். "உனக்கென்னடி தெரியும் இரும்பைப் பத்தி?"

"இரும்பைப் பத்தித் தெரியாதுங்க. டப்புங்கறது தெரியும்."

சுத்தியைக் கீழே வைத்தார். செட்டுக்கு வெளியே போய் நின்றார். எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்கவில்லை. இவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நானும் கேட்கவில்லை. நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போனது. இவர் தலையைச் சாய்த்துப் "போடலாம்" என்று சொன்ன பட்டைகள் எத்தனை லாரியின் அடியில் ஓடிக்கொண்டிருக்கின்றனவோ என்று நினைத்தேன். இவருக்கும் அதுதான் மனசில் ஓடியிருக்கும். லாரி மறைகிற வரை அதன் பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வைஸ் வாங்க ஆள் வந்தார். திருச்செங்கோட்டுக்காரர். போர் போடும் ரிக் வண்டி இரண்டு வைத்திருப்பவர், வண்டிக்கு ஒன்றாக இரண்டு வைஸ் வேண்டுமாம். அதில் மாட்டிச் சம்மட்டி போட்டால்தான் அவர்கள் சோலி நடக்கும். வெயிலில் வந்தவருக்கு மோர் கொடுக்கலாமென்று நான் சொம்பும் டம்ளருமாகப் போனேன்.

"தட்டிக் காட்டுங்கண்ணா. நீங்க தட்டறதைப் பத்தி எங்கூரு வரைக்கும் பேச்சு," என்றார் ரிக்காரர் உரத்த குரலில். சும்மாவே அந்தக் குரல்தான் போலிருந்தது.

இவர் சுத்தியை எடுத்தார். வந்த ஆள் கேட்கிறாரே, என்ன செய்வார்? முதல் வைஸ், கணீர், தலையாட்டினார். நடுவில் இருந்தது, கணீர், தலையாட்டினார். கிளி, டப். பழக்க தோஷம், அதற்கும் தலையாட்டிவிட்டார். ஆட்டிய பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

ரிக்காரர் சுத்தியை வாங்கித் தானும் கிளியைத் தட்டினார். டப். கண்ணை மூடிக் கேட்டார். "ஆகா! கோயல் மணியாட்டம் இருக்குதுங்ணா!"

எனக்குச் சொம்பு நழுவப் பார்த்தது. ரிக் வண்டிக் கம்ப்ரெசரின் இரைச்சலில் நின்றே ஆயுசைக் கழித்தவர். காது விஷயத்தில் இவருக்கு அண்ணன்.

"கிளியும் நல்லாருக்குது. எங்கூட்டுப் பொண்ணு பாத்தாச் சந்தோசப்படும். இதும் அந்த மொதல்ல இருக்கறதும் நான் எடுத்துக்கறேனுங்க."

நான் மோர்ச் சொம்பைக் கொண்டுபோய்க் கிளியின்மேல் வைத்தேன். அழுத்தியே வைத்தேன்.

இவர், "அது வேண்டாங்க. மத்த ரெண்டையும் எடுத்துக்கங்க. அதை ஊட்டுக்கு வெச்சுக்கலாம்னு," என்றார்.

ரிக்காரர் முகம் மாறியது. "ஏனுங்ணா, நல்லதா ஒண்ண ஒளிச்சு வெச்சுக்கிட்டுக் கழிசலை என்ற தலையில கட்டறீங்களா? மத்த ரெண்டுல என்ன கோளாறுங்க?"

"அதுகள்ல ஒண்ணுமில்லீங்க. இதுலதான் விரிசல்."

"இப்பத்தான் தட்டிப் பாத்துத் தலையாட்டுனீங்க! மூணுக்கும் ஆட்டுனீங்களே! விரிசலுன்னா இத்தனை நேரம் உங்களுக்குக் கேக்கலீங்களா?"

 இவர் சுத்தியின் கைப்பிடியைத் திருகிக்கொண்டு நின்றார். சும்மா இருந்துவிடலாம், கோபித்துக்கொண்டு போகிறவர் போகட்டும் என்று நானே நினைத்தேன். ஆனால் அவர் போய், அந்த மூன்றையும் பற்றி ஊரில் என்ன சொல்வார்? கிளியை எடுத்துக்கொண்டு போனால் யார் கால் போகும்?

"எனக்குக் காது கேக்காதுங்க," என்றார் இவர். எனக்கே பாதிதான் கேட்டது, அவ்வளவு தணிவாக.

ரிக்காரர் காதருகே கையைக் குவித்தார். "என்னங்க?"

"காது கேக்கறதில்லீங்க."

"ஏதுங்க? சத்தமாச் சொல்லுங்ணா!"

இவருக்கு வந்ததே கோபம், பார்க்கணும்! "எனக்குக் காது கேக்காது! செவுடு! போதுமா? அவளுக்குக் கேக்குது! அவதான் டப்புங்குதுன்னு சொன்னா!"

பக்கத்து செட்டில் தகரம் தட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். பெயிண்டர் பிரஷும் கையுமாக எட்டிப் பார்த்தான். எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்த டிரைவர்கள் திரும்பினார்கள். ரோட்டில் அந்த நேரம் பார்த்து ஒரு வண்டிகூட வரவில்லை.

ரிக்காரர் என்னைப் பார்த்தார். "அம்மிணி, நெசமாவா?"

"நெசந்தானுங்க," என்று நானும் கத்தினேன். "கோயல் மணி இல்லீங்க. ஓட்டைப் பானை."

அவர் சொம்பை எடுத்து மோரை அப்படியே குடித்தார். நல்லவை இரண்டையும் வண்டியில் ஏற்றச் சொன்னார். போகும்போது இவர் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். முதல் தடவையாக அவர் தணிந்து பேசியது அதுதான். இவருக்குக் கேட்டிருக்காது.

இவருக்கென்று மிஞ்சியது கிளிதான். உடைத்துப் போடவும் மனசில்லாமல், மாட்டுக் கொட்டகைக் கல்லில் போல்ட் போட்டு மாட்டினார். கதிர் அரிவாள், கதவுக் கொண்டி, என் கரண்டிக் காம்பு என்று கழன்றதும் கழலாததும் அதில் ஏறி இறங்கின. ஆனால் கண் எப்போதும் ரோட்டின் மேல். பட்டையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தரும் வரவில்லை. கூப்பிட்டால் மட்டும் இப்போது கூச்சமில்லாமல், "என்ன? மறுக்காச் சொல்லு," என்பார். அதனால் நான் வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டிருந்ததையெல்லாம் நிறுத்த வேண்டியதாயிற்று.

ஒருநாள் பழைய டிரைவர் ஒருவர் தோளில் ஸ்பிரிங் பட்டையோடு வந்து நின்றார். ஜேடர்பாளையத்துப் பக்கம் லோடு ஏற்றப் போகிறாராம். இவரிடம் கொடுத்துவிட்டு, சமையலறைப் பக்கம் பார்த்து, "அக்கா இருக்குதுங்களா?" என்றார்.

இவர் வாங்கித் தொங்கவிட்டுத் தட்டினார். தலையைச் சாய்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு வந்தேன். கணீர் என்றுதான் கேட்டது.

"போடலாமுங்க," என்றேன். வேண்டுமென்றே இவர் மாதிரியே தலையைச் சாய்த்துச் சொன்னேன். டிரைவர் சிரித்தார். இவரும் சிரித்துவிட்டார். பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு டிரைவர் வாசல் தாண்டினார்.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் பிடித்தது. கணீர் என்றா கேட்டது? கொஞ்சம் கம்மலாக இருந்ததோ? அடுப்பில் கொதித்த சத்தத்தில் சரியாகக் கேட்டேனா? லோடு ஏற்றின பிறகு வழியில் பட்டை முறிந்தால்? புடவையை வாரிச் சொருகிக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடினேன்.

"ஏனுங்க, நில்லுங்க! அதைக் கொண்டாங்க, இன்னொருக்காத் தட்டச் சொல்றேன்!"

டிரைவர் திரும்பி வந்தார். இவர் தட்டினார். கணீர். இன்னொரு தரம் தட்டச் சொன்னேன். தட்டினார். இன்னும் ஒன்று.

"எத்தனை தரம்டி?" என்றார் இவர்.

"உங்களுக்கென்னங்க, தட்டறதோட செரி," என்றேன்.