இருதயமேரியின் வலது கட்டைவிரல்

என் தங்கை இருதயமேரி போராடிப் பெற்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒலக்கூர் பக்கத்தில் எங்கள் ஊர்க் களத்தில் பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமாகக் கூலி நெல் அளக்க வைத்தாள். இரண்டு குழந்தைகள் செத்துப் பிறந்த பிறகு ஒரு பெண்ணை உயிரோடு பெற்றாள். பாதி நாள் பட்டினி கிடந்து ஓட்டு வீடு கட்டினாள். போன பேச்சைத் திரும்பப் பெற்றாள். பேச்சு எப்படிப் போனது என்பதைத்தான் எழுதுகிறேன்.

1984இல் திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை தைத்துக்கொண்டிருந்தவள் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பிரஷர் என்றார்கள். டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். கொத்தமல்லிச் சாறு நல்லது என்று யாரோ சொல்ல, மேரியின் புருஷன் சவுரிராயன் தினமும் ஒரு கட்டுத் தழையை அம்மியில் அரைத்துப் பிழிந்து கொடுத்தார்.

"தழை சாப்பிடுங்க, வேணாங்கல. மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க" என்றார் டாக்டரம்மா.

பிரஷர் இறங்கியது. சவுரிராயன் எல்லாம் மல்லியால்தான் என்று நம்பினார்.

"பாத்தியா மேரி, உன் பேஜாரெல்லாம் ஒரு கட்டுத் தழையில அடங்கிப்போச்சி. இனிமே மாத்திரை எதுக்கு? சாவற வரைக்கும் முழுங்கிக்கினே இருக்கணும்."

"சாவற வரைக்கும் சோறுந்தான் துன்றோம்" என்றாள் மேரி. ஆனாலும் மாத்திரையை நிறுத்திவிட்டாள். பச்சை வாடை குமட்டுகிறது என்று சாற்றில் கல்லுப்பு வேறு போட்டுக் குடித்தாள்.

அடுத்த தை மாதம் அவளுக்கு வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. வாய் கோணிப்போனது. விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சவுரிராயன் அவளை வளவனூரில் ஒரு வைத்தியரிடம் கொண்டுபோவேன் என்று நின்றார். டாக்டர் பேச்சை மீறிப் போவதானால் நோயாளியே கைநாட்டு வைக்க வேண்டும். மேரி தலையை ஆட்டி மறுத்தாள். வாயில் காற்றுதான் வந்தது. நர்ஸ் அந்தப்பக்கம் போன நேரத்தில், சவுரிராயன் அவளுடைய செத்த கையைத் தூக்கி, கட்டைவிரலை மையில் ஒற்றித் தாளில் அழுத்தினார்.

"இன்னா தம்பி இது, அவ வேணாங்கிறா!" என்றேன்.

"அவளுக்கு இன்னாக்கா தெரியும்? ஊசியிலயே கொன்னுடுவானுங்க" என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

வளவனூரில் அவளுக்கு மறுபடியும் வாதம் இழுத்தது. சாவின் வாசல்வரை போய் வந்தாள். பல மாதம் கழித்துத்தான் பேச்சு வந்தது.

"அக்கா, கட்டைவெரல யாரு வோணா தூக்கி வெக்கலாம். எனக்குக் கையெழுத்து சொல்லிக்குடு."

நான் ஐந்தாவது வரை படித்தவள். சிலேட்டு வாங்கி, இடது கையில் பல்பத்தைக் கொடுத்தேன். 'இ'யின் சுழி வரவே இல்லை.

"பேரு வெச்ச சாமியாருக்கு இன்னா அவசரம், இத்தினி நீளமா வெச்சிட்டாரு?" என்று சிரித்தாள். கோணிய வாயில் எச்சில் ஒழுகியது. துடைத்துக்கொண்டு மறுபடி எழுதினாள்.

பிறகு ஒருநாள் தலை சுற்றி, பிரஷர் ஏறியது; ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சவுரிராயன் மல்லிக்கட்டோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். "வூட்டுக்குப் போலாம் மேரி" என்றார். அவள் தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்ளச் சம்மதம் என்ற தாளை இடது பக்கம் இழுத்து வைத்து, எழுத்துக்கு எழுத்து நிறுத்தி, 'இருதயமேரி' என்று போட்டாள். அன்று 1986 நவம்பர் 17.