கீபோர்டுக்குள் ஜெபராஜ்

பாட்டுக்கு அடியில் ஓடும் பேஸ் சத்தம் செய்கிறவனின் பிழைப்பும் அஸ்திவாரம் தோண்டுகிறவனின் பிழைப்பும் ஒன்று. வீடு பார்க்க வருகிறவர்கள் சன்னலைத்தான் மெச்சுவார்கள். தொண்ணூறுகளில் திருநெல்வேலி டவுணில் ஒரு மெல்லிசைக் குழுவுக்கும் ஒரு கேசட் பதிவு அறைக்கும் கீபோர்டில் இந்த வேலை பார்த்தேன். வண்டு இரைகிற மாதிரி வரும் மொட்டைச் சத்தத்தை எடுத்து, குமிழைத் திருகித் திருகி அதன் கூர்மையைச் சீவி, நெஞ்சில் வந்து முட்டுகிற அடிநாதமாக்க வேண்டும். இதே வேலையில் முதுகு வளைந்த உங்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது.

குழாயில் போனது

கோயில் கொடைத் திருவிழாவுக்கான பாட்டுக் கேசட் ஒன்றுக்கு, உறுமி மாதிரி இழுத்து அதிர்கிற பேஸ் ஒன்றைப் பாடுபட்டுச் செய்தேன். கொடையன்று கேட்கப் போனேன். வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் பாடகியின் குரல் ஆற்றுக்கு அக்கரை வரை போனது. என் பேஸ் மட்டும் எங்குமே இல்லை. ஒயர் எதுவும் கழன்றிருக்கிறதா என்று மைக்செட்காரரிடம் கேட்டேன். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"குழாய்க்கு ஏது வே அடிவயிறு? அதுக்குக் கூவத்தான் தெரியும்."

பெல்ட்

எங்கள் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவன் ஜெபராஜ். என் வயதுதான். மேடையில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவனுடையது. கடற்கரை ஊர் ஒன்றில் திருவிழாக் கச்சேரி நடக்கும்போது கரண்டு போய்விட்டது. ஜெனரேட்டர்காரரைக் காணோம். ஜெபராஜ் இறங்கிப் போய்த் தானே அதைக் கிளப்பினான். ஓடத் தொடங்கிய பெல்ட் அவன் இடது கையை உள்ளே இழுத்துவிட்டது. மூன்று விரல்கள் போயின. கம்பியை அழுத்துகிற கை அது.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்டான்:

"மிச்சப் பாட்டைப் பாடி முடிச்சீங்களாலே?"

பதில் ஆள்

குழு நடத்திய அண்ணாச்சிக்கு அடுத்தடுத்துக் கச்சேரிகள் இருந்தன. வேறு பேஸ்காரர் அமையவில்லை. "ஜெபராஜ் வாசிப்பு மாதிரியே கீபோர்டுல ஒண்ணு செஞ்சிரும் வே. இடது கையால நீரே வாசிச்சிரலாம்" என்றார். ஜெபராஜிடம் சொல்லாமல் குமிழைத் தொட மாட்டேன் என்றேன். சொன்னதும் அவனே பதிவு அறைக்கு வந்துவிட்டான்.

ஸ்பீக்கர் பெட்டிமேல் வலது உள்ளங்கையை வைத்துக் கேட்டான். "விரல் கம்பியில உரசுத சத்தம் முன்னால வரணும்லே" என்றான். ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் துளி இரைச்சல் சேர்த்தேன். அவன் எந்தச் சுரத்தையும் நீளமாக ஓடவிட மாட்டான்; பொத்தி நிறுத்திவிடுவான். அதற்காக ஒவ்வொரு சுரத்தின் வாலையும் நறுக்கினேன். சாயங்காலம் வாசித்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நாந்தாம்லே இது. இனி நான் வர வேண்டாம்."

கூட்டத்தில் இருவர்

அந்தச் சத்தத்தோடு பாளையங்கோட்டையில் முதல் கச்சேரி. ஆள் குறைந்தது யாருக்கும் தெரியவில்லை; கைதட்டலுக்கும் குறைவில்லை. அண்ணாச்சிக்கு ஏகக் குளிர்ச்சி. ஜெபராஜ் மனைவி மேரியோடு வந்து கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தான். முடிந்ததும் மேரி மட்டும் மேடையோரம் வந்தாள். எப்படி இருந்தது என்று கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன்.

"கண்ணை மூடிக்கிட்டுதான் கேட்டேன் அண்ணே. தொறந்தா, அவிய எம் பக்கத்துல நிக்காவ."

பேட்டரி

சில வருஷம் அந்தச் சத்தத்தில்தான் குழு ஓடியது. ஒருநாள் கீபோர்டைப் போட்டால் திரையில் கன்னாபின்னா எழுத்துகள். செய்து வைத்த சத்தங்களையெல்லாம் நினைவில் வைத்திருந்தது உள்ளே இருந்த சின்ன பேட்டரி ஒன்று, அது செத்துவிட்டது. வேறு பேட்டரி போட்டு, இரைச்சலைச் சேர்த்து, வாலை நறுக்கி எல்லாம் செய்து பார்த்தேன். பேஸ் வந்தது, ஜெபராஜ் வரவில்லை.

அவன் அப்போது ஒரு அரிசி மில்லில் காவல் வேலையில் இருந்தான். போய்ச் சொன்னேன். கண்ணை மூடி, வலது கை விரல்களால் தொடையில் தட்டிப் பார்த்தான். பின்னால் மில் இரைந்துகொண்டே இருந்தது. கண்ணைத் திறந்தான்.

"இந்தச் சத்தத்துல எல்லாம் போயிட்டுலே. நான் எப்படி வாசிச்சேன்னு நீதான் எனக்குச் சொல்லணும்."

ஆள் போனபோது பதிலுக்கு ஒரு மெஷினை ஏற்பாடு பண்ணிவிட்ட எனக்கு, மெஷின் போனபோது பதிலுக்கு அந்த ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கண்ட முன்னேற்றம்.