ஒட்டுப் போட்ட சுடிதார்

ஊரில் உள்ள இடுப்பெல்லாம் தையல்காரிக்கு அத்துப்படி. தன் இடுப்பில் டேப் வைக்க மட்டும் அவளுக்கு நேரம் இருக்காது. நாகல் நகரில் லேடீஸ் டைலர் கடை வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே, இது உங்களுக்குத்தான்.

உள்ளே விட்ட துணி

எதைத் தைத்தாலும் பக்கத்தில் ஒன்றரை இஞ்ச் துணியை உள்ளே மடித்து விடுவேன். உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம். பொங்கலுக்கு என் சுடிதார் வயிற்றில் பிடித்தது, பிரித்தேன். மாசியில் மறுபடியும் பிடித்தது, பிரித்தேன். கடையில் கொக்கி வைக்கும் பாண்டியம்மாள் கேஸ் டிரபிள் என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்தாள். இரண்டு இட்லிக்கே வயிறு நிறைந்துவிடும். ஆனாலும் இடுப்பளவு ஏறிக்கொண்டே போனது. பங்குனியில் உள்துணி தீர்ந்துவிட, வேறு கலரில் ஒட்டுப் போட்டு அதை ஃபேஷன் என்று சொல்லிக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு ஜாக்கெட் வாங்க வந்த ஸ்டெல்லா டீச்சர் அந்த ஒட்டுத் துணியையே பார்த்தார்.

"கையெல்லாம் குச்சியாப் போச்சு, வயிறு மட்டும் பானையா நிக்குது. மெஷின மூடிட்டு டாக்டர்ட்ட போ செல்வி."

டாக்டரம்மா எழுதிய அளவு

எப்போதிலிருந்து வீக்கம் என்று டாக்டரம்மா கேட்டார். எனக்குத் தேதி ஞாபகம் வரவில்லை. "பொங்கலுக்கு ஒரு இஞ்ச், மாசில அரை இஞ்ச், பங்குனில ரெண்டு இஞ்ச் ஒட்டு" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்.

ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் முடிந்ததும் உட்கார வைத்துச் சொன்னார். சினைப்பையில் புற்றுநோய், வயிற்றில் நீர் கோத்திருக்கிறது, மதுரையில் ஆபரேஷன். பிழைப்பேனா என்று கேட்க நினைத்தேன். "முகூர்த்த ஜாக்கெட் பதினாலு கிடக்கு டாக்டர்" என்றுதான் வாயில் வந்தது.

"பதினாலு பேரும் பழசப் போட்டுக்கிட்டுப் போகட்டும்மா. கல்யாணம் ஒண்ணும் நிக்காது."

பெரிய டாக்டரின் தையல்

சினைப்பை, கர்ப்பப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். கட்டு அவிழ்த்த அன்று எட்டிப் பார்த்தேன். மேலிருந்து கீழே நேர்த்தையல். தொப்புளிடம் மட்டும் கழுத்து வளைவுபோல அழகாகத் திரும்பியிருந்தது. அடியில் இரண்டு தையல் நெருக்கம் போதாது. பக்கத்தில் நின்ற நர்ஸிடம் சொன்னேன்.

"பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது நீங்களே சொல்லுங்கக்கா, என்னைய மாட்டி விடாதீங்க."

பஞ்சாமிர்தம்

ஆறு கீமோ. இரண்டாவதற்குள் தலைமுடி முழுக்கப் போய்விட்டது. எழுந்து நடக்க முடிந்த நாட்களில் கடையில் உட்கார்ந்தேன். நம் ஊரில் மொட்டைத் தலைக்கு இரண்டே காரணம்தான்: பழனி, இல்லாவிட்டால் வேளாங்கண்ணி. வந்தவரெல்லாம் பிரசாதத்துக்குக் கையை நீட்டினார்கள். நோயைச் சொல்லி, அழுகிறவர்களைத் தேற்றி அனுப்புவதைவிட இது சுலபம் என்று, பஞ்சாமிர்த டப்பா ஒன்றை வாங்கி மெஷின் மேல் வைத்துவிட்டேன். நத்தத்திலிருந்து வந்த வாடிக்கைக்கார அம்மா ஒவ்வொரு தடவையும் விரலைச் சப்பிக்கொண்டே போவார். கடைசியில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"மூணு மாசமா மொட்டையாவே இருக்கியே, அம்புட்டு என்னத்தத்தான் வேண்டிக்கிட்ட?"

கத்திரி

கடைசி ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு ஒண்ணும் இல்ல, மூணு மாசத்துக்கு ஒருக்கா வரணும்" என்றார் டாக்டர். மதுரையிலிருந்து பஸ் வந்து சேரும்வரை அந்த "இப்போதைக்கு" தான் மனதில் ஓடியது. பயமாக இருந்தது.

பழைய சுடிதாரைப் போட்டால் கொடியில் காய்வதுபோலத் தொங்கியது. பிடித்துத் தைக்க உட்கார்ந்தேன். இனி எதற்கு இவ்வளவு துணி என்று வெட்டப் போனபோது, பாண்டியம்மாள் கத்திரியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வெட்டாதக்கா. உள்ளயே மடிச்சுத் தையி. அடுத்த வருசம் சதை போட்டா எதைப் பிரிப்ப?"

கொக்கி வைக்கிறவள் எனக்கே தொழில் சொல்லித் தருகிறாளே என்று கோபம்தான் வந்தது. அதை அடுத்த வருசம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.