கம்பெனி கொடுத்த வண்டி

என் மனைவியின் வேலையைப் பறித்தவன் நான்தான். விபத்தின்மேல் பழி போட்டார்கள், அவளுடைய இடுப்பெலும்பின்மேல் போட்டார்கள். அவளே தன் காலைத்தான் திட்டிக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை!

இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வதற்குக் காரணம், நீங்கள் என்னை அறியாதவர் என்பதுதான். கேட்டு முடித்தபின் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ, அது என் காதுக்கு எட்டப்போவதில்லை. கோழைக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்?

கொலையில்லை, களவில்லை. இரண்டு கார்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அவ்வளவுதான்...

ஒரகடத்தில், கியர் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவில் இருக்கிறேன். ஹேட்ச்பேக் எனப்படும் சின்ன டீசல் கார்கள் தாராளமாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு மேலாளர் பதவி கிடைத்தது. பதவியோடு ஒரு கம்பெனி காரும் உண்டு. என்னோடு பதவி உயர்வு பெற்ற இன்னொருவன் கொள்முதல் பிரிவின் குணசேகரன். விருதுநகர்ப் பக்கத்துக்காரன், வெள்ளை மனசுக்காரன், என்னை வாய் நிறைய ‘அண்ணே’ என்பான். நிர்வாக அலுவலகத்தில் எங்கள் இருவருக்குமாக இரண்டு சாவிகளை எடுத்து வைத்தார்கள். ஒன்று சிவப்பு வண்டி, மற்றது சாம்பல் நிறம். இரண்டும் டீசல், இரண்டும் பாய்ச்சலுக்குப் பேர்போனவை, விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. நான் மூத்தவன் என்பதால் முதல் தேர்வு எனக்கு. மிஞ்சுவது குணாவுக்கு.

இப்போது அமுதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவி. மண்ணூரில் பிறந்தவள். சுங்குவார்சத்திரம் பக்கம் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் லைன் லீடராக இருந்தாள். அவளுக்குக் கீழே ஒரு லைன் முழுக்கப் பெண்கள். வீட்டில் என்னை அதட்டுவதைவிட அங்கே அவர்களை அதட்டுவதில்தான் அவளுக்கு நிறைவு அதிகம். ஒருநாள் மண்ணூர்த் திருப்பத்தில், லாரி சிந்திவிட்டுப் போன மணலில் ஸ்கூட்டர் சறுக்கியது. இடுப்பெலும்பு முறிந்தது. தகடு வைத்தார்கள். பல மாதங்கள் கோல் ஊன்றி நடந்தாள்.

கோலை விட்ட அன்று மருத்துவர் சொன்னது எனக்கு இன்றும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. “வேலைக்குப் போகலாம்மா. தாழ்வான இடத்துல மட்டும் உட்காராதீங்க. உட்காரும்போது முட்டியைவிட இடுப்பு மேல இருக்கணும். அத மட்டும் பாத்துக்கங்க.” அவள் கேட்டுக்கொண்டாள். பக்கத்திலேயே நின்று நானும் பெரிய மனிதனாகத் தலையாட்டினேன்.

அவளுடைய ஆலைப் பேருந்தின் படிகள் உயரம். அதனால் என் காரைத்தான் நம்பியிருந்தாள். “வண்டி வந்துச்சுன்னா போற வழில என்ன எங்க கம்பெனி கேட்டாண்ட எறக்கி வுட்டுடுங்க. பஸ்ஸு படி ஏற்றதுதான் பேஜாரா கீது. மத்தபடி நான் ரெடி!” என்றாள். பீரோவிலிருந்து சீருடையை எடுத்து இஸ்திரி போட்டு மாட்டி வைத்தாள். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கார் அவளுக்குச் சவாரியல்ல, வேலைக்குத் திரும்பும் வழி.

முதலில் சாம்பல் வண்டியை ஓட்டிப் பார்த்தேன். நல்ல வண்டி. இருக்கை உயரம், நாற்காலியில் அமர்வதுபோல் அமரலாம், எழலாம். அமுதாவுக்கு இதுதான் சரி என்று நினைத்தேன். ஆம், நினைத்தேன்! நினைக்கவில்லை, மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

பிறகு சிவப்பு வண்டியில் ஏறினேன். ஏறினேன் என்பது தவறு, இறங்கினேன். தாம்பாளத்தில் உட்கார்ந்ததுபோல் அவ்வளவு தாழ்வு. ஒரகடம் ஆறுவழிச் சாலையில் மூன்றாவது கியரில் மிதித்தேன். ஒரு கணம் ஒன்றுமில்லை... அடுத்த கணம், யாரோ முதுகைப் பிடித்துத் தள்ளினார்கள்! கண்டெய்னர் லாரிகள் வரிசையாகப் பின்னால் போயின. தனியாக இருந்த வண்டிக்குள் நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிக்னலில் நின்றபோது பைக்கில் வந்த ஓர் இளைஞன் குனிந்து வண்டியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அத்தனை வருடம் கம்பெனிப் பேருந்தின் ஜன்னலோரத்தில் தூங்கி வழிந்தவனை எவன் அப்படிப் பார்த்தான்?

திரும்பி வந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. என் இடுப்பில் தகடு எதுவும் இல்லை. அப்போதும் எனக்குத் தெரிந்தது. சாவியை வைத்துவிட்டு, “சிவப்பு” என்றேன்.

அன்று மாலை அமுதா ஆவலாகக் கேட்டாள். “எந்த வண்டிங்க?”

“சிவப்பு. கம்பெனியில குடுக்கறதுதான். நாம என்னா கேக்க முடியும்?” என்றேன்.

எத்தனை லாவகமாக வந்தது அந்தப் பொய்! ஒத்திகை பார்க்கவில்லை, நாக்கு குழறவில்லை. அவள் அதைக் கேட்டு, “குடுக்கறதே பெருசு. அவங்க நல்லா இருக்கணும்” என்று கம்பெனியை வாழ்த்தினாள்.

வல்லக்கோட்டை முருகன் கோயிலில் பூஜை போட்டோம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அமுதா கூரை விளிம்பைப் பிடித்து, மூச்சை அடக்கி, “முருகா!” என்றபடி இருக்கைக்குள் விழுந்தாள். பூஜை போட்டவர், “அம்மாவுக்கு என்ன பக்தி!” என்று பூரித்துப்போனார். அது பக்தியல்ல, வலி என்று எனக்குத் தெரியும். எலுமிச்சம்பழத்தின்மேல் வண்டியை ஏற்றினேன்.

அவள் வேலைக்குத் திரும்பினாள். முதல் நாள் ஆலை வாசலில் அவளுடைய லைன் பெண்கள் கைதட்டினார்கள். நான் சுற்றி வந்து, இரண்டு கைகளையும் பற்றி, கிணற்றிலிருந்து தூக்குவதுபோல் அவளை வெளியே இழுத்தேன். கைதட்டல் சற்றுக் குறைந்தது. தனக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் எதிரில் தினமும் அப்படி இழுபடுவது அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. வலி கூடியது. இருக்கையில் தலையணையைப் போட்டுப் பார்த்தாள்; தலை கூரையில் இடித்தது. லீவு போடத் தொடங்கினாள். மருத்துவரிடம் போனோம். “எங்கேயாவது தாழ்வா உட்கார்றீங்களா?” என்று அவர் கேட்டார். “கார் மட்டும்தான் டாக்டர். கம்பெனி வண்டி, மாத்த முடியாது” என்றாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆமாம் என்று தலையசைத்தேன். அதே அறை, அதே தலையாட்டல்!

மாற்ற முடியாதா? அமுதாவின் வலியைக் கேள்விப்பட்டு குணா தானாகவே வந்து கேட்டான். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

“அண்ணே, நாமளே வண்டிய மாத்திக்கிடுவோமா? மதினிக்கு என் வண்டி தோதா இருக்கும்லா. எனக்கும் அந்தச் செவப்பு மேல ஒரு கண்ணு. நிர்வாகத்துல ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

கடவுள் நேரில் வந்து கதவைத் திறந்துவிட்டதைப் போல. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“வேணாம் குணா. அவளுக்கு இந்த வண்டிதான் ரொம்பப் புடிச்சிருக்கு. மாத்தினா மனசு சங்கடப்படுவா.”

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். இது மறைப்பதற்காகச் சொன்னதல்ல. வண்டியைக் கொடுக்க எனக்கு மனமில்லை. அதற்கு அவள் பெயரை எடுத்து முன்னால் நிறுத்தினேன்.

சில வாரங்களில் அமுதா வேலையை விட்டாள்.

அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த அன்று, காரில் என் பக்கத்தில் அமர்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். “என் காலுதாங்க சரியில்ல. வண்டிய சொல்லி இன்னாத்துக்கு?” என்றாள். அழுதாள். நான் ஒரு கையால் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். அந்த நேரத்தில் முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. கியரைக் குறைத்து, மிதித்து, அதைத் தாண்டினேன். வண்டி பாய்ந்தபோது எனக்குச் சுகமாக இருந்தது... இதைத்தான் உங்களிடம் சொல்ல இத்தனை நேரம் தயங்கினேன். மனைவி அழுதுகொண்டிருக்கும்போது சுகமாக இருந்தது! நான் எந்த வகை மனிதன்?

அதன்பின் அவள் கல்யாணங்களுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். வீட்டில் யாரையும் அதட்டுவதில்லை. யாராவது, “இவ்ளோ கீழ இருக்குற வண்டிய ஏன் வாங்கினீங்க?” என்றால், “நாம எங்க வாங்கினோம், கம்பெனி குடுத்தது” என்பாள். என் பொய்யை அவள் நாணயமாக எல்லோருக்கும் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வருட ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலையில் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். கம்பெனி வண்டிகள் எல்லாம் வரிசையாக நின்றன, சந்தனம், குங்குமம், மாலை சகிதம். சிவப்பும் சாம்பலும் அடுத்தடுத்து. பொரிப் பொட்டலத்தோடு நாங்கள் கிளம்பும்போது குணா ஓடி வந்தான். அமுதா கூரை விளிம்பைப் பிடித்து அமரப் போவதைப் பார்த்து அவன் முகம் வாடிவிட்டது.

“என்ன மதினி, இம்புட்டுக் கஷ்டப்படுதீகளே! வண்டி எடுக்கும்போதே ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டுத்தான அண்ணன் இத எடுத்தாரு? அப்புறம் நானே மாத்திக்கிடுவோம்னு கேட்டேன். ஒங்களுக்கு இந்த வண்டிதான் ரொம்பப் புடிச்சிருக்குன்னு சொல்லிட்டாரு!”

அவன் மேல் குற்றமில்லை. அக்கறையில் கேட்டான். ஒலிபெருக்கியில் யாரோ பூஜைப் பிரசாதம் வாங்கிக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அமுதா சாம்பல் வண்டியைப் பார்த்தாள். அதன் உயரமான இருக்கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்க்கவில்லை. திட்டியிருக்கலாம். அத்தனை பேர் எதிரில் பொரிப் பொட்டலத்தை என் முகத்தில் வீசியிருக்கலாம். நான் அதற்குத் தயாராகவே நின்றேன்.

அவள் குணாவைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஆமாங்க. எனக்குத்தான் புடிச்சிருந்தது. ஆசைப்பட்டு நான்தான் கேட்டேன்.”

“முருகா” என்று சொல்லிக்கொண்டு இருக்கைக்குள் இறங்கினாள். வீட்டுக்குப் போனதும் கேட்பாள் என்று காத்திருந்தேன். மறுநாள் கேட்பாள் என்று காத்திருந்தேன். அடுத்த வாரம் கேட்பாள் என்று காத்திருந்தேன். ஏன் கேட்கவில்லை? மன்னித்துவிட்டாளா? அப்படி எண்ணிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அன்றிலிருந்து யார் கேட்டாலும் அவள் கம்பெனி கொடுத்தது என்று சொல்வதில்லை.

நானும் உண்மையைச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். இருந்தும் ‘நான்தான் செய்தேன்’ என்ற இரண்டு சொற்கள் என் தொண்டையைத் தாண்டவில்லை. முன்பின் தெரியாத உங்களிடம் கொட்டுகிறேன், பாருங்கள்!

காரின் குத்தகைக் காலம் முடிந்தபோது, வேண்டுமானால் வண்டியைக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று கம்பெனியில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து, எதற்கு இது, விட்டுவிடலாம், உயரமாக வேறு ஒன்று பார்க்கலாம் என்றேன். அமுதா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“வாங்கிடுங்க. எனக்குப் புடிச்ச வண்டியாச்சே!”

வாங்கிவிட்டேன். இப்போது அது எங்கள் வாசலில் நிற்கிறது. சிவப்பு கொஞ்சம் வெளுத்திருக்கிறது, இழுவை மட்டும் குறையவில்லை. எங்காவது போகும்போது நான் முதலில் உட்கார்ந்து, சாவியைப் போட்டுவிட்டு, அவள் ‘முருகா’ சொல்லும்வரை சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கதவு சாத்தும் சத்தம் கேட்டபிறகு வண்டியைக் கிளப்புகிறேன்.